ஐம்பத்திரண்டு கிலோவுக்குள் என் அண்ணா

பூமியைத் தலையில் தாங்கிக்கொண்டிருப்பவர் ஆதிசேஷன் என்று சொல்கிறார்கள். அவருக்கு என்றைக்காவது கழுத்து வலித்தால் மைசூர் ரயில்வே காலனிக்கு ஒரு தந்தி அடித்தால் போதும். என் அண்ணா சாம்பு சைக்கிளில் போய் இறங்குவான். மார்புவரை ஒரு தூக்கு, தலைக்கு மேலே இன்னொரு தூக்கு, பூமியை வாங்கிக்கொண்டு அவரைத் தூங்க அனுப்பிவிடுவான். சாமுண்டி மலையை அவன் இன்னும் தூக்காமல் விட்டு வைத்திருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. மேலே கோவில் இருக்கிறது, நைவேத்தியம் கொட்டிவிடும்.

இப்பேர்ப்பட்டவனின் எடை ஐம்பத்திரண்டு கிலோவுக்குள். அதற்கு மேல் ஐம்பது கிராம் ஏறினால் அவன் கதை முடிந்தது.

எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்குக் ‘கல்லூரி வாழ்வில் பாடம் தவிர்த்த பணிகள்’ என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். என்னிடம் கேட்டது அவர்கள் தப்பு. நான் அன்னபூர்ணி, வயது பதினாறு, பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை எழுதப் போகாதவள். கல்லூரிக்குள் ஒரே ஒரு நாள்தான் போயிருக்கிறேன். ஆனால் அது சாதாரண நாள் இல்லை.

முதலில் சாம்புவைச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்ஸி. முதல் வருஷத்தில் அவன் கல்லூரிக்குப் போய் வந்ததற்கு அத்தாட்சி அவன் சைக்கிள் டயர் தேய்ந்தது மட்டும்தான். யாரோடும் பேச மாட்டான். வருகை எடுக்கும்போது ‘பிரசென்ட் சார்’ என்று அவன் சொல்வது அவன் காதுக்கே கேட்காது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட் வாங்கிய ஒரே மாணவன் அவன். வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும், யார் எதற்கு அழுகிறார்கள் என்று ஒருநாளும் கவனித்ததில்லை. அவன் தட்டில் அம்மா கல்லை வைத்திருந்தாலும் மோர் ஊற்றிச் சாப்பிட்டிருப்பான்.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று புதுப் பெயர் வைத்த வருஷம் அது. ஒருநாள் கல்லூரி நூலகத்தில் அவன் புத்தகத்தின் மேல் தூங்கிக்கொண்டிருந்தபோது, யாரோ அவன் மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பிடித்து அளவு பார்த்தார்கள். விழித்தால் எதிரே முனிராஜ். தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரர், அப்போது பி.ஏ. இரண்டாம் வருஷம், கல்லூரி பளுதூக்கும் அணியின் தலைவர். கதவு வழியாகப் பக்கவாட்டில்தான் நுழைய முடியும் என்ற அளவுக்குத் தோள்.

“ஏனப்பா, உன்ற எடை எத்தனை?”

“நாப்பத்தேழு.”

“சாமி! உன்னையத்தான் ஒரு மாசமாத் தேடறேன்.”

விஷயம் இதுதான். பளுதூக்கும் போட்டி எடைப் பிரிவு வாரியாக நடக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆள் இருந்தால்தான் கல்லூரிக்குப் புள்ளிகள் சேரும். எல்லாவற்றிலும் சின்னது ஐம்பத்திரண்டு கிலோ பிரிவு. அதற்குத்தான் ஆளே கிடைக்கவில்லை. ஒல்லியானவன் எவனும் உடற்பயிற்சிக் கூடத்துப் பக்கம் போவதில்லை, போகிறவன் எவனும் ஒல்லியாக இல்லை.

“நீ வந்து வெறுங்கம்பியத் தூக்கிக் காட்டினாலே போதுமப்பா, புள்ளி விழுந்துரும்” என்றாராம் முனிராஜ்.

வெறுங்கம்பியே இருபது கிலோ. முதல் நாள் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது, சாம்புதான் அதன் மேல் கவிழ்ந்தான். மூன்றாம் நாள் முழங்கால்வரை வந்தது. பத்தாம் நாள் தலைக்கு மேலே போனது. கூடத்தில் இருந்த எட்டுப் பேரும் தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார்களாம். அவன் பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்து யாரும் கத்தியதில்லை. புள்ளிக்காகப் போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். இரண்டு மாதம் கழித்து வகுப்பில் அவன் சொன்ன ‘பிரசென்ட் சா’ருக்கு விரிவுரையாளர் சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டாராம்.

வீட்டுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியக் கூடாது. எங்கள் அப்பா வைத்யநாதன் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷமாக மூட்டைக்கு எடை போடுகிறவர். யாராவது பாரம் தூக்குவதைப் பற்றிப் பேசினால் உடனே ஆரம்பித்துவிடுவார்.

“எத்தனை போர்ட்டரைப் பாத்திருக்கேன்! இடுப்பு போனவன், குடல் இறங்கினவன். எம்பிள்ளை பேனாவைத் தவிர எதையும் தூக்கப்படாது.”

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், தவளையால். சாம்புவின் பையில் ஒரு தவளையை விட்டுவைக்கலாம் என்று திறந்தேன். உள்ளே தவளைக்கு இடமில்லாதபடி ஒரு அகலமான தோல் பெல்ட்டும், கைக்குப் பூசும் சாக்கட்டித் தூளும் இருந்தன. மிரட்டிக் கேட்டேன். சொல்லிவிட்டான்.

“அப்பாகிட்ட சொல்லிடாதேடீ அன்னு. ஜனவரில இன்டர்காலேஜ். அதுல தேறினா யூனிவர்சிட்டி டீம். ஆல் இந்தியா போட்டிக்குப் பஞ்சாப் போகலாம். நீல பிளேசர் குடுப்பா, பையில முத்திரை வெச்சு.”

“தேறாட்டா?”

“முனிராஜ் இந்த வருஷத்தோட போயிடறார். மறுபடி லைப்ரரில தூங்க வேண்டியதுதான்.”

அதைச் சொல்லும்போது அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. தவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஆனால் வேறொரு சங்கடம் வந்து சேர்ந்தது. தூக்கத் தூக்க அவனுக்குப் பசித்தது. பசிக்கப் பசிக்கச் சதை போட்டது. நாற்பத்தேழு ஐம்பதாகி, ஐம்பத்தொன்றரைக்கு வந்து நின்றது. அடுத்த பிரிவு ஐம்பத்தாறு. அதில் வேறொரு கல்லூரியின் தடியன் ஒருவன், இவனைவிட முப்பது கிலோ அதிகம் தூக்குகிறவன், காத்துக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டைத் தாண்டினால் பஞ்சாப் இல்லை.

எங்கள் அம்மா சீதாலக்ஷ்மிக்கோ பிள்ளையின் கன்னம் உப்பியதில் பூரிப்பு. “படிக்கிற மூளைக்கு நெய் வேணும்டா கொழந்தே” என்று அவன் சாதத்தில் மூன்று கரண்டி நெய் ஊற்றுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஊற்ற மாட்டாள். எனக்கு நெய் வாசனை பட்டாலே குமட்டும். மைசூர்பாகு டப்பாவைத் திறந்தால் கொல்லைக்கு ஓடுகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதனால் என்ன? அவன் தட்டைத் திருடுவதில் ஒரு குஷி இருக்கிறதே. அம்மா ரசம் எடுக்க அடுப்புப் பக்கம் திரும்பும்போது தட்டுகள் இடம் மாறும். தொட்டுக்கொள்ள வைத்த வடையில் பாதியும் என் பக்கம் வந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு வாயில் முடித்துவிடுவேன்.

“நெய் திருடி! பிசாசு மாதிரி திங்கறயே” என்பான்.

“உனக்குத்தான் ஆகாதே, எனக்கு ருசி வந்துடுத்து” என்பேன். அவன் நம்பிவிட்டான். கவனிக்கிற பழக்கம் இருந்தால்தானே.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அப்பா காபி குடிக்கக் கேன்டீனுக்குப் போகும் கால்மணி நேரத்தில், பார்சல் ஆபீஸ் எடை மெஷினில் சாம்பு ஏறுவான். தரையோடு ஓர் இரும்புப் பலகை, பக்கத்தில் ஒரு தூண், அதன் உச்சியில் படுக்கை வாட்டில் ஒரு தண்டு. தண்டின் மேல் குண்டை நகர்த்தி நகர்த்தித் தண்டு அசையாமல் மிதக்கும்போது எண்ணைப் படிக்க வேண்டும். ஆடி மாதத்தில் முதல்முறை போனபோது வேடிக்கைக்கு நானும் ஏறினேன். நாற்பத்திரண்டு. அதற்கப்புறம் குண்டு நகர்த்துவது மட்டும் என் வேலை.

ஜனவரிக்கு எல்லாம் சரியாக வந்தது. போட்டி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை எடை ஐம்பத்தொன்று முன்னூறு. அன்று மாலை முனிராஜ் வேர்க்க விறுவிறுக்க வீட்டு வாசலில் வந்து நின்றார். மைதானத்து அலுவலர்களுக்கு ஏதோ இடைஞ்சல், போட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தள்ளிப்போயிருந்தது.

சாம்பு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். “ஞாயித்துக்கெழமை தாத்தா சிராத்தம்” என்றேன்.

“அதனாலென்னங்கம்மணி? மூணு மணிதானே” என்றார் முனிராஜ்.

அவருக்கு எங்கள் வீட்டுச் சிராத்தம் தெரியாது. காலையிலிருந்து பட்டினி. வைதிகர்கள் சாப்பிட்டு முடித்து எழுந்த பிறகு ஒன்றரை மணிக்கு ஆண்கள் உட்காருவார்கள். பித்ருக்களுக்குப் படைத்த மிச்சம் அது, இலையில் ஒரு பருக்கை விடக் கூடாது. இரண்டு பாயசம், வடை, அதிரசம், எள்ளுருண்டை, சுகியன். எல்லாவற்றிலும் கொடுமை, பெண்களுக்குப் பந்தி அப்புறம்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார முடியாது. ஆறு மாதத் திருட்டு அன்றைக்குப் பார்த்துச் செல்லாது.

ஞாயிறன்று சமையலறை நிலைப்படியில் நின்று, என் அண்ணாவின் வாய்க்குள் பஞ்சாப் ஒவ்வொரு கவளமாக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னொரு வடை போடுங்கோ அவனுக்கு” என்றார் அப்பா. “தாத்தாவுக்குப் பிடிச்ச வடை.”

“போறும்ப்பா.”

“இன்னிக்குப் போறும்னு சொல்லப்படாதுடா!”

ஐந்து வடை. எண்ணினேன்.

கை கழுவியதும் “ஸ்பெஷல் லேப்” என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமையில் என்ன லேப் என்று அம்மா கேட்பதற்குள், “நான் சிநேகிதி சரசு ஆத்துக்குப் போறேம்மா, வழியில இறக்கிவிடச் சொல்றேன்” என்று பின்னால் ஏறிக்கொண்டேன். சாப்பிடவில்லை. அன்று ஒருத்தராவது வெறும் வயிற்றோடு இருக்கட்டும் என்று தோன்றியது.

கல்லூரி முற்றத்தில், வேப்பமரத்தடியில், கல் பாவிய தரையில் எடை மெஷின் வைத்திருந்தார்கள். நடுவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குண்டை நகர்த்தினார். தண்டு மேலே முட்டியது. இன்னும் நகர்த்தினார்.

“ஐவத்தெரடூவரே!” என்றார். ஐம்பத்திரண்டரை. “ஒந்து கண்டெ டைம் இதெயப்பா.” ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். அதற்குள் அரைக் கிலோ போக வேண்டும்.

முனிராஜ் ஒரு கம்பளியைச் சாம்புவின் மேல் சுற்றி, “ஓடு” என்றார்.

ஜனவரி வெயிலில், கம்பளிக்குள், ஐந்து வடையோடு என் அண்ணா மைதானத்தைச் சுற்றினான். முனிராஜ் கூடவே ஓடினார். பாதிச் சுற்றில் நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேர்ந்துவிட்டேன். போட்டிக்கு வந்த ஐம்பது பையன்களும் ஓரத்தில் நின்று விசில் அடித்தார்கள்.

“எச்சில் துப்பிட்டே ஓடப்பா! அதுவும் எடைதான்!”

“புளியங்கா நெனச்சுக்கோ அண்ணா! எலுமிச்சை! நெல்லிக்கா!” என்று நான் கத்தினேன். துப்பினான், துப்பினான், தண்டவாளம் நெடுகத் துப்புகிற என்ஜின் மாதிரி துப்பினான். நாற்பது நிமிஷம். மெஷினில் ஏறினான். ஐம்பத்திரண்டு இருநூறு.

இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. முதலுதவிப் பெட்டியில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. சாம்புவுக்கு அந்தக் காலத்து மோஸ்தரில் காதை மூடும் தலைமுடி, தினம் அரைமணி நேரம் சீவுவான். அதை வெட்ட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

“குனி” என்றேன். குனிந்தான். ஆடு மேய்ந்த தோட்டம் மாதிரி ஆக்கிவிட்டேன். ஐம்பது கிராம் குறைந்தது. நூற்றைம்பது நின்றது.

முனிராஜின் கண் அவன் இடுப்புக்குப் போனது. சின்ன வயதில் அம்மா பூட்டிய வெள்ளி அரைஞாண். கொக்கியைத் தட்டான் பற்றவைத்துவிட்டான், கழற்ற முடியாது. முனிராஜ் குறடை எடுத்தார்.

“வேண்டாம்” என்றான் சாம்பு.

“அறுபது கிராமாச்சும் போகுமப்பா.”

“அதைப் பொணத்துக்குத்தான் அறுப்பா. எங்கம்மா பூட்டினது. பஞ்சாப் போகாட்டாப் பரவால்ல.” சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். என் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது, வேப்பமரத்தடியில் அது சகஜம்.

அப்போது பின்னால் ஒரு சைக்கிள் மணி.

அப்பா. கையில் எவர்சில்வர் தூக்கு. அஞ்சு வடைதான் தின்னது, லேபில் பசிக்குமே என்று அம்மா கொடுத்தனுப்பிய வடையும் எள்ளுருண்டையும். லேபில் தேடியிருக்கிறார், காவலாளி இங்கே கையைக் காட்டியிருக்கிறான். கோவணத்தோடு, வெட்டிக் குதறிய தலையோடு, மெஷின் மேல் நின்றுகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

“என்னடா இது கோலம்? எங்கப்பா சிராத்தத்தன்னிக்கு!”

நான்தான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பளு, பஞ்சாப், பிளேசர், நூற்றைம்பது கிராம். அப்பாவின் முகம் சிவந்தது. “குடல் எறங்கி ஆஸ்பத்திரில படுக்கணுமா நீ? எத்தனை நாளா நடக்கறது இந்தப் பொய்?”

“ஒண்ணரை வருஷமா” என்றான் சாம்பு. குரல் தாழவில்லை. “பிடிச்சிருக்குப்பா. காலேஜ்ல எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு.”

அப்பாவின் கை ஓங்கியது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கண் சாம்புவின் மேல் இல்லை. மெஷினின் அடியில் இருந்தது.

“எறங்குடா.”

இறங்கினான். அப்பா தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டார். பலகையின் ஒரு மூலையை விரலால் அழுத்தினார். டக் என்றது. எதிர்மூலையை அழுத்தினார். டக்.

“காலி மெஷின் பாத்தேளா?” என்று நடுவரிடம் கன்னடத்தில் கேட்டார். “கல்லு மேடும் பள்ளமுமா இருக்கு, மெஷின் ஆடறது. முதல்ல காலியா வெச்சுத் தண்டு மிதக்கறதான்னு பாக்கணும். அப்புறம்தான் பாரம். இருபத்திரண்டு வருஷமா நான் ஒரு கோழிக்கூடைக்குக்கூட இதைப் பாக்காம எடை போட்டதில்லை. இது எம்பிள்ளை!”

நடுவர் குண்டைச் சுழியில் வைத்தார். மெஷினில் யாருமே இல்லை. தண்டு மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. கூட்டத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. நாலு பேர் மெஷினைத் தூக்கிச் சமதரைக்குக் கொண்டுபோனார்கள். தண்டு மிதந்தது. இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

“ஏறுடா” என்றார் அப்பா.

குண்டு நகர்ந்தது. தண்டு நடுங்கியது, சாய்ந்தது, நிமிர்ந்தது, மிதந்தது.

“ஐவத்தொந்து ஒம்பைநூர ஐவத்து!”

ஐம்பத்தொன்று தொள்ளாயிரத்து ஐம்பது. ஐம்பது கிராம் மிச்சம். அந்த ஐம்பதும் என் கத்தரிக்கோல் கொடுத்தது என்பதைச் சரித்திரம் மறக்கக் கூடாது. முனிராஜ் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

போட்டியைச் சொல்லாமல் விட்டால் என்னை அடிப்பார்கள். ஒரே மூச்சில் தூக்கும் முதல் தூக்கில் ஐம்பது கிலோ. தப்பாமல் தூக்கினான். எதிர்க் கல்லூரிக்காரனும் அதே ஐம்பது. மார்புக்கு வாங்கி மேலே தள்ளும் இரண்டாவது தூக்கில் அவன் அறுபத்தைந்தோடு நின்றான். சாம்பு அறுபத்தேழரை கேட்டான். முதல் முயற்சி, முழங்காலிலேயே போனது. இரண்டாவது, மார்புவரை வந்து முன்னால் விழுந்தது. இன்னும் ஒன்றுதான். தோற்றால் இரண்டாவது தூக்கில் பூஜ்யம், எல்லாம் பூஜ்யம்.

நான் தூக்கு மூடியைத் தட்டிக்கொண்டு கத்தினேன். முனிராஜ் கத்தினார். எல்லாவற்றுக்கும் மேலே, பார்சல் ஆபீசில் போர்ட்டர்களை விரட்டும் அந்தக் குரல் கேட்டது.

“முதுகை வளைக்காதேடா கழுதே! காலால எடு! காலால!”

சாம்பு திரும்பிப் பார்த்தான். சிரித்தான். குனிந்தான். கம்பி மார்புக்கு ஏறியது. ஒரு கணம் அங்கேயே நின்றது. கன்னம் உப்பியது, கால் ஒரு மடிப்பு மடிந்தது, அவ்வளவுதான், கம்பி தலைக்கு மேலே! கை இரண்டும் நேராக, வெள்ளி அரைஞாண் வெயிலில் பளபளக்க, ஆடு மேய்ந்த தலையோடு, ஐந்து வடையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நின்றான். நடுவர் கையை இறக்கிச் சைகை காட்டியும் அவன் கம்பியை இறக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் வைத்துக்கொண்டிருப்பேன் என்கிற மாதிரி நின்றான். மைதானமே தொடையைத் தட்டியது. அப்பா சத்தமில்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அம்மா அந்தத் தலையைப் பார்த்து அழுததும், பளு தூக்கியதைக் கேட்டு அதிகமாக அழுததும், பஞ்சாப் என்றதும் “அங்கே சப்பாத்திக்கு நெய் தடவுவாளோ?” என்று கேட்டதும் வேறு கதை.

மறுநாள் மாலை அப்பா எங்களைப் பார்சல் ஆபீசுக்கு வரச் சொல்லி, எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தார். முனிராஜ் ஆறு துண்டு எடுத்தார். போர்ட்டர்கள் எடுத்தார்கள். சாம்பு ஒரு துண்டை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“எடுத்துக்கோ நெய் திருடி. பிரியமாச்சே.”

நான் இரண்டடி பின்னால் போனேன். “பசிக்கல.”

அவன் கை அப்படியே நின்றது. மைசூர்பாகைப் பார்த்தான், என் மூக்கைப் பார்த்தான். கவனிக்கிற பழக்கம் இவனுக்கு எப்போது வந்து தொலைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“மெஷின்ல ஏறு” என்றான்.

“எதுக்கு?”

“ஏறுடீ.”

ஏறினேன். குண்டை அவனே நகர்த்தினான். நாற்பத்திரண்டில் தண்டு மேலே முட்டியது. நாற்பத்து நான்கில் முட்டியது. நாற்பத்தாறரையில் மிதந்தது.

“ஆடில நாப்பத்திரண்டு. நெய் வாசனை பட்டாலே கொல்லைக்கு ஓடறவ உடம்புல, இந்த நாலரைக் கிலோ எங்கேர்ந்து வந்துது அன்னு?”

“உன் மெஷின் தப்பு” என்றேன்.

சாம்பு என் தோளைப் பிடித்து இறக்கிவிட்டான்.

“நீ ஏறறதுக்கு முன்னாடியே காலி மெஷின் பாத்துட்டேன்.”